சமுதாயக் கூடம் கட்ட அரசுக் கடனா, மானியமா: எந்த வழியில் போவது?

ஊர்க்குருவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி. நான்கு குக்கிராமங்கள் சேர்ந்து ஏறத்தாழ 2,400 பேர் வசிக்கிறோம். காதுகுத்தோ வளைகாப்போ கருமாதியோ எதுவானாலும் தெருவை அடைத்துப் பந்தல் போடுவதுதான் இன்றுவரை வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, கூரை பறந்த வீடுகளில் இருந்தவர்கள் தொடக்கப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் பல நாட்கள் நெருக்கியடித்துத் தங்கினார்கள். ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் வேண்டும் என்ற பேச்சு அப்போது தொடங்கியது; ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு சூடு பிடித்துப் பிறகு ஆறிப்போகிறது.

இந்த ஆண்டு சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஏழு லட்சம் ரூபாய் தருவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கேட்டதில், சமையலறையும் கழிவறையும் சேர்த்து முப்பது லட்சம் ஆகும் என்கிறார். நில விஷயத்தில் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் சொந்த நிலத்தில் 20 சென்ட் தருவதாகச் சொல்கிறார். இல்லாவிட்டால் ஊருணிக் கரையை ஒட்டிய புறம்போக்கில் கட்டிக்கொள்ளலாம் என்பது சிலரின் யோசனை.

நான் அறிய விரும்புபவை இவை. மீதிப் பணத்திற்கு ஊராட்சியின் பெயரில் அரசிடமோ நபார்டு வங்கியிடமோ குறைந்த வட்டிக் கடன் பெற முடியுமா? கூடத்தை வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கடன் கிடைக்காதெனில் எந்த மானியத் திட்டத்தை நாடுவது? தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்து இப்போது ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.


பழைய ஓவர்சியர் எழுதியது:

வணக்கம் தம்பி. ஊராட்சி ஒன்றியப் பொறியியல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடன் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருப்பதால் அதை அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

முதலில் ஊருணிக் கரையை மறந்துவிடுங்கள். நிலங்களின் வகைப்பாட்டைக் காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் அந்த இடம் ஊருணி என்றோ குளம் என்றோ வாய்க்கால் என்றோ பதிவாகியிருந்தால், நல்ல நோக்கத்திற்காக என்றாலும் அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது. ஏரிகளைப் பாதுகாக்க 2007-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. உயர் நீதிமன்றமும் நீர்நிலைப் புறம்போக்கில் எழுந்த கட்டடங்களை, அரசுக் கட்டடங்கள் உட்பட, அகற்றும்படி பலமுறை ஆணையிட்டிருக்கிறது. பாதிச் சுவர் எழுந்தபின் ஒருவர் வழக்குத் தொடுத்தால் சிங்கப்பூர்ப் பணம் ஏழு லட்சமும் தண்ணீரில் போட்டதாகிவிடும்.

பெரியவர் தரும் நிலம் நல்லதுதான். ஆனால் வாய்ச்சொல்லோ வெற்றுத்தாளில் எழுதிய ஒப்புதலோ போதாது. ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து, பட்டாவும் ஊராட்சிக்கு மாறிய பிறகே மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளர் முன்வருவார், முன்வரவும் வேண்டும். தனியார் பெயரில் உள்ள மனையில் அரசுப் பணம் போட எந்தத் திட்டமும் இடம் தராது. பத்திரத்தில் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். எங்கள் ஒன்றியத்தில் ஒரு கூடம் கூரை மட்டத்தில் பல ஆண்டுகள் நின்றுபோனதற்குக் காரணம், வெளியூரில் இருந்த ஒரு தங்கையின் கையெழுத்து விடுபட்டதே.

அடுத்தது திட்டம். உங்கள் கையில் ஏழு லட்சம் இருக்கிறது என்பதால் ‘நமக்கு நாமே’ திட்டம் இயல்பாகப் பொருந்தும். 1997-98-ல் தொடங்கிய இத்திட்டம், 2011-12-ல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயருக்கு மாறி, 2021-22-ல் மீண்டும் பழைய பெயரைப் பெற்றது. இப்போதைய கணக்கு இதுதான்: மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதியாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மக்கள் பங்கு பாதியாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால், பங்களித்தவர்களே வேலையை எடுத்துச் செய்துகொள்ள வழி உண்டு. இல்லாவிட்டால் ஒப்பந்தப்புள்ளி கோரி ஒப்பந்ததாரர் வழியாகத்தான் நடக்கும்.

உங்கள் முப்பது லட்சத்தில் மூன்றில் ஒன்று பத்து லட்சம். கையில் இருப்பதோ ஏழு. இந்த இடைவெளிக்காகக் கடன் தேடுவதைவிட, மதிப்பீட்டையே 21 லட்சத்திற்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். தனியார் பொறியாளர் சொல்லும் தொகைக்கும் அரசு மதிப்பீட்டுக்கும் ஒரு வேறுபாடு இருப்பதையும் நினைவில் வையுங்கள். அரசு மதிப்பீட்டில் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல்படி வேலைத் தொகை வரும். அதன்மேல் 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரியும், கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு 1 சதவீதமும் ஏறும். 2022 ஜூலைக்கு முன்பு இவ்வரி 12 சதவீதமாக இருந்தது. பழைய கூடங்களின் மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு ‘அந்த ஊரில் குறைவாக முடித்தார்களே’ என்று ஏமாற வேண்டாம். ஆக, 21 லட்சம் மதிப்பீடு என்றால் செங்கலும் சிமெண்டுமாகக் கண்ணில் தெரிவது ஏறத்தாழ பதினேழரை லட்சத்திற்கான வேலைதான்.

சமையலறையையும் சுற்றுச்சுவரையும் இரண்டாம் கட்டத்திற்கு ஒதுக்கிவிட்டு, முதலில் கூடத்தையும் கழிவறையையும் முடிப்பது என் அனுபவத்தில் நல்ல உத்தி. முடிந்த கட்டடத்தைக் காட்டிச் சட்டமன்ற உறுப்பினர் நிதியில் சுற்றுச்சுவர் கேட்பது எளிது. வெறும் மனையைக் காட்டிக் கேட்டால், உங்களுக்கு முன்னால் வரிசையில் நாற்பது மனைகள் நிற்கும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

கடன் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பலரும் இதில் குழம்புவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நபார்டு வங்கியிடம் ஊரகக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதி என்று ஒன்று உண்டு. 1995-96-ல் 2,000 கோடி ரூபாயுடன் தொடங்கப்பட்டது. வேளாண்மை போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டிய அளவுக்குக் கடன் கொடுக்காத வணிக வங்கிகள், அந்தக் குறைபாட்டுத் தொகையை நபார்டில் வைப்பாகச் செலுத்த வேண்டும்; அந்தப் பணமே இந்த நிதியின் ஊற்று. அதிலிருந்து கடன் பெறுபவை மாநில அரசுகள். வட்டி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைவிட ஒன்றரை சதவீதப் புள்ளி குறைவு. முதல் இரண்டு ஆண்டுகள் அசல் கட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டையும் சேர்த்து ஏழு ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வேண்டும். வேளாண்மை சார்ந்த பணிகளுக்குத் திட்டச் செலவில் 95 சதவீதம் வரையிலும், குடிநீர், பள்ளி, மருத்துவம் போன்ற சமூகத் துறைப் பணிகளுக்கு 85 சதவீதம் வரையிலும், ஊரகச் சாலை, பாலங்களுக்கு 80 சதவீதம் வரையிலும் கடன் கிடைக்கும். மீதியை மாநில அரசு போட வேண்டும்.

‘நபார்டு திட்டத்தில் கட்டப்பட்டது’ என்ற பலகையை அரசு மேல்நிலைப் பள்ளிகளின் வகுப்பறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடனை வாங்கியது அந்தப் பள்ளியோ அந்த ஊராட்சியோ அன்று. தமிழ்நாடு அரசு வாங்கித் தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து திருப்பிச் செலுத்துகிறது. ஊருக்கு அது மானியம், கோட்டைக்கு அது கடன். 1999 முதல் ஊராட்சி அமைப்புகளும் சுய உதவிக் குழுக்களும் எடுத்துச் செய்யும் பணிகளையும் இந்நிதியில் சேர்க்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் அப்போதும் முன்மொழிவு மாநில அரசின் வழியாகவே போக வேண்டும், பொறுப்பும் மாநில அரசுடையது. ஒரு தனி ஊராட்சி 20 லட்சத்திற்கு நபார்டின் வாசலில் போய் நிற்க முடியாது.

ஊராட்சி நேரடியாகக் கடன் வாங்கவே முடியாதா என்றால், 1914-ஆம் ஆண்டின் உள்ளாட்சி அமைப்புகள் கடன் சட்டம் என்று வெள்ளையர் காலத்துச் சட்டம் ஒன்று உயிரோடு இருக்கிறது. அதன்படி உள்ளாட்சி அமைப்பு தன் வருவாயை ஈடாகக் காட்டி, அரசின் அனுமதியுடன் கடன் பெறலாம். நடைமுறையில் இந்த வழி மாநகராட்சிகளுக்குத்தான் பயன்படுகிறது. நகரங்களுக்குக் கடன் கொடுக்கவே டுஃபிட்கோ போன்ற நிறுவனங்களைத் தமிழ்நாடு ஏற்படுத்தியிருக்கிறது. கிராம ஊராட்சிக்கு அதற்கு இணையான கதவு இல்லை. காரணமும் எளிது. 2,400 பேர் கொண்ட ஊராட்சியின் சொந்த வருவாய், அதாவது வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் சேர்ந்தும், தெருவிளக்கு மின் கட்டணத்திற்கே தட்டுப்பாடாக இருக்கும். அதை ஈடாகக் காட்டினால் எந்த வங்கி மேலாளரும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

வாடகையில் தவணை கட்டும் கணக்கையும் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு இருபது விசேஷம், ஒவ்வொன்றுக்கும் மூவாயிரம் என்று வைத்தாலும் அறுபதாயிரம்தான். இருபது லட்சத்தின் வட்டிக்குக்கூட அது போதாது. மின்சாரம், சுண்ணாம்பு, துப்புரவு எல்லாம் அதற்குப் பிறகு.

தனி அலுவலர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் உங்கள் மாவட்டமும் ஒன்று. அங்கே பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நடுவண் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வரும் மானியத்திற்கு, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2016 முதல் 2019 வரை இங்கே தேர்தல் நடக்காதபோது நடுவண் அரசு அந்த மானியத்தை நிறுத்தி வைத்தது பலருக்கும் நினைவிருக்கும். எனவே உங்கள் கூடத்தை நிதிக்குழு மானியத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். பணம் தடையில்லாமல் வந்த ஆண்டுகளிலேயே, 15-ஆவது நிதிக்குழுவின் 2021-26 காலத்து மானியத்தில் 60 சதவீதம் துப்புரவுக்கும் குடிநீருக்கும் என்று வரையறுக்கப்பட்டது; கட்டுப்பாடற்ற 40 சதவீதத்தில்தான் சாலை, கட்டடம் எல்லாம் அடங்க வேண்டும். நமக்கு நாமே போன்ற மாநிலத் திட்டங்களுக்கு இந்தத் தடை கிடையாது. நிர்வாக அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர் என்பதால், தனி அலுவலர் காலத்திலும் அது நடக்கும்.


செம்மண் எழுதியது:

மேலே எழுதிய இருவரின் விளக்கமும் பயனுள்ளது. ஆனாலும் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றி எல்லாரும் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பேசுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போடும் என்பதை வேறு விதமாகச் சொன்னால், ஏற்கெனவே பணம் உள்ள ஊருக்கு அரசு இருமடங்கு கொடுக்கும், பணம் இல்லாத ஊருக்கு ஒன்றும் கொடுக்காது என்று பொருள். சிங்கப்பூரில் ஆள் இருக்கும் ஊருக்கு ஏழு லட்சம் திரளும். நூறு நாள் வேலையை நம்பிப் பிழைக்கும் ஊர் எழுபதாயிரம் திரட்டுவதற்கே திணறும். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் 20 லட்சம் என்று, ஏழை ஊர், பணக்கார ஊர் பார்க்காமல், முறை வைத்துக் கொடுத்தார்கள். அதில் கட்டிய நூலகங்கள் பல பூட்டிக் கிடந்தன என்பது வேறு கதை. பங்கீட்டில் மட்டுமாவது ஒரு நியாயம் இருந்தது.

கேள்வி கேட்டவரிடம் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. ‘நான்கு குக்கிராமங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் ஆதிதிராவிடர் குடியிருப்பு எது, அங்கிருந்து பெரியவரின் 20 சென்ட் எவ்வளவு தொலைவு, அங்குள்ளவர்கள் வளைகாப்பு நடத்த அந்தக் கூடத்தின் சாவி கிடைக்குமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பழித்துப் பேசுவதற்காகக் கேட்கவில்லை. என் தாய்வழி ஊரில் இதே போல் மக்கள் பங்களிப்புடன் ஒரு கூடம் எழுந்தது. திறப்பு விழாவிற்குப் பிறகு, பங்களித்தவர்களின் குழுவே சாவியை வைத்துக்கொண்டது. காலனிக்காரர்கள் கேட்கப்போனால் ‘அன்றைக்கு வேறு விசேஷம் இருக்கிறது’ என்ற பதில் வரும். எந்த நாளில் கேட்டாலும் அன்றைக்கு வேறு விசேஷம் இருந்தது. அரசு போட்ட இரண்டு பங்கில் காலனிக்காரர்களின் வரிப்பணமும் உண்டு என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஐந்தில் ஒரு பங்கு என்ற சலுகையைப் பயன்படுத்த வேண்டுமானால் கூடம் அந்தப் பகுதியில் அமைய வேண்டும். ஊருக்குள் கட்டிவிட்டு, பங்கைக் குறைக்க மட்டும் காலனியின் பெயரை மனுவில் சேர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கென்றே 2023-24-ல் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில், ஐந்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி என்று ஒரு மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியிலும், ஆண்டுக்கு உரிய 5 கோடியில் 15 சதவீதம் பட்டியல் இனத்தவர் வாழும் பகுதிக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் பரிந்துரைக்கப்பட வேண்டும். இந்த வழிகளில் மக்கள் பங்கு என்று எதுவும் செலுத்தத் தேவையில்லை.


ஊர்க்குருவி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கடன் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். நேற்று இரவு இணையவழியில் கூடிப் பேசியபோது கணக்குப்பிள்ளை அவர்களின் பதிலை அப்படியே வாசித்தேன், எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

செம்மண் அவர்கள் கேட்டது சரியான கேள்வி. நான் எழுதாமல் விட்டது தவறு. நான்காவது குக்கிராமம் ஆதிதிராவிடர் குடியிருப்பு. அறுபது வீடுகள் உள்ளன. பெரியவரின் நிலம் ஊரின் மேற்குக் கோடியில், அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஊருணிக் கரைதான் இரண்டுக்கும் நடுவில் இருந்தது, அதனால்தான் சிலர் அதை விரும்பினார்கள் என்பதை இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வேறு நடு இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பணம் தருபவர்களில் மூன்று பேர் இப்போது சிங்கப்பூர்க் குடிமக்கள். அவர்கள் பணத்தை எங்கள் ஊர் நலச் சங்கக் கணக்கில் வாங்கலாமா? இரண்டாவது, கூடத்தோடு நெல், கடலை காயவைக்க ஒரு களமும், மூட்டை அடுக்க ஒரு கிட்டங்கியும் வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அதையும் இதே மதிப்பீட்டில் சேர்க்கலாமா?


சங்கச் செயலர் எழுதியது:

களத்தையும் கிட்டங்கியையும் சமுதாயக் கூடத்தோடு சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் பணிபுரிகிறேன். நீங்கள் முதலில் கேட்ட ‘குறைந்த வட்டிக் கடன்’ கிராமத்திற்கு உண்மையாகவே கிடைக்கும் இடம் கூட்டுறவுச் சங்கம்தான். 2020-ல் ஒரு லட்சம் கோடி ரூபாய் அளவில் நடுவண் அரசு அறிவித்த வேளாண் கட்டமைப்பு நிதியில், இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. தொடக்கச் சங்கங்களைப் பல்நோக்குச் சேவை மையங்களாக்கும் திட்டத்தில் நபார்டின் கடன் 4 சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது. இந்தச் சலுகையும் சேர்ந்தால் சங்கத்தின் தோளில் விழுவது 1 சதவீதம் மட்டுமே. கிட்டங்கி, உலர்களம், தரம் பிரிக்கும் கூடம் போன்றவை இதில் அடங்கும். திருமண மண்டபம் அடங்காது.

கிட்டங்கிக்கு ஆண்டு முழுவதும் வாடகை வரும், உர மூட்டையும் வைக்கலாம். எனவே கடனைத் தாங்கும். ஆனால் உங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கத்தின் நிலைமையை முதலில் பாருங்கள். பழைய நட்டம் சுமந்து நிற்கும் சங்கத்தின் தலையில் புதுக் கடனை ஏற்றினால், 1 சதவீத வட்டியானாலும் அசல் அசல்தான்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

சிங்கப்பூர்ப் பணம் பற்றி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. குடியுரிமை மாறியவர் உங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரானாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அவரிடமிருந்து ஊர் நலச் சங்கக் கணக்கில் ஒரு ரூபாய் வாங்குவதற்கும் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இந்த மூவரின் பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தியக் குடிமக்களாக உள்ளவர்களின் பணத்தை மட்டும் கணக்கில் கொண்டு மதிப்பீட்டை வகுப்பதே பாதுகாப்பு. தம்பி கணக்கிற்கு அனுப்பித் தம்பியின் பெயரில் செலுத்துவது என்று யாரேனும் குறுக்கு வழி சொல்வார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன்.


பழைய ஓவர்சியர் எழுதியது:

நான் முதலில் சொன்ன கணக்கை இப்போது திருத்த வேண்டியிருக்கிறது. மூவரின் பங்கு போனால் ஏழு லட்சம் எவ்வளவாகக் குறையும் என்று பாருங்கள். ஐந்து லட்சமே மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி 15 லட்சத்திற்குத்தான் மதிப்பீடு போட முடியும். அதில் ஒரு நல்ல கூடமும் இரண்டு கழிவறையும் எழும்; மேடையும் சமையலறையும் எழாது. இதை வெளிப்படையாக ஊரில் சொல்லிவிடுங்கள். ‘மண்டபம்’ என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டுக் கூடத்தைக் காட்டினால் சண்டை வரும்.

செம்மண் அம்மா சொன்ன சாவி விஷயத்தை நான் முதல் பதிலில் தொடாமல் விட்டது என் குறை. கட்டடம் எந்தத் திட்டத்தில் எழுந்தாலும், பங்களித்தவர் யாராயினும், முடிந்தபின் அது ஊராட்சியின் சொத்து. பங்களித்தவர் குழு சாவி வைத்திருக்க எந்த விதியும் இடம் தரவில்லை. அதனால் கிராம சபைத் தீர்மானத்தை ‘சமுதாயக் கூடம் கட்டக் கேட்டுக்கொள்வது’ என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். நான்கு குக்கிராமத்தாருக்கும் ஒரே வாடகை, முன்பதிவு ஊராட்சிப் பதிவேட்டில் தேதி வரிசைப்படி, சாவி ஊராட்சி அலுவலகத்தில், வசூல் ஊராட்சியின் பொது நிதிக் கணக்கில், பேரிடர்க் காலத்தில் கட்டணமின்றித் தங்குமிடம் என்று ஐந்தையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். 2,400 பேர் உள்ள ஊராட்சிக்குக் கிராம சபைக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 100 பேர். அந்த நூறில் நான்காவது குக்கிராமத்துப் பெண்களும் இருந்து கையெழுத்திட வேண்டும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடப்பதால், அடுத்த கூட்டத்திற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

நிலத்தைத் தருகிற பெரியவர் தம் தகப்பனார் பெயரைக் கூடத்திற்கு வைக்கச் சொல்வார் என்பது என் ஊகம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். நாளை விரிவாக்கத்திற்கு நாடாளுமன்ற உறுப்பினர் நிதியைக் கேட்க நினைத்தால், அந்நிதியில் எழும் சொத்துக்குத் தனிமனிதர் பெயர் சூட்டக் கூடாது என்று வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. கோயில் நிலமாக இருந்தாலும் அந்நிதி கிடைக்காது. இவற்றை இப்போதே அவரிடம் பேசிவிடுவது நல்லது.

நடு இடம் தேடுகிறீர்கள் என்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்டு, ஊருணிக்கும் காலனிச் சாலைக்கும் இடைப்பட்ட புல எண்களில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ நத்தம் காலி மனை என்றோ ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மேய்ச்சல் புறம்போக்கு என்றால் தொடாதீர்கள். தகுதியான இடம் இருந்தால் ஊராட்சித் தீர்மானத்துடன் வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்கலாம். பெரியவரின் தானப் பத்திரத்தை அதுவரை பதிவு செய்ய வேண்டாம். புல வரைபட நகல் கிடைத்ததும், ஆட்களின் பெயர் இருந்தால் மறைத்துவிட்டு, புல எண்ணும் வகைப்பாடும் மட்டும் தெரியும்படி இங்கே எழுதுங்கள். எந்த இடம் தேறும் என்று பார்த்துச் சொல்கிறேன்.